பள்ளியிலிருந்து என்பிஏ வரை: யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அமெரிக்கக் கூடைப்பந்தில் புதிதாக ஒரு பையன் பெயரெடுத்தால், அவனைப் பற்றிய பேச்சில் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வரும். (என்பிஏ என்பது அங்கே உச்சத்தில் இருக்கும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதன் அணிகள் வருடாவருடம் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட்.) "ஒரு வருஷம் காலேஜ் போனால்தான் என்பிஏவில் சேர்ப்பார்கள்." "அவனை இத்தனை கோடிக்கு ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள்." "டிராஃப்டில் பெயர் வந்துவிட்டது, இனி வாழ்க்கை செட்டில்."

மூன்றும் தப்பு. ஆனால் மூன்றும் உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் தப்புகள் என்பதால் யாரும் திருத்துவதில்லை. விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்களே இப்படித்தான் போகிற போக்கில் எழுதிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு வீரரைப் பிடித்துக்கொண்டு போனால் விஷயம் எளிதாகப் புரியும். கூப்பர் ஃபிளாக். 2025 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த என்பிஏ டிராஃப்டில் முதல் பெயராக வாசிக்கப்பட்டவர். எடுத்த அணி டல்லாஸ் மேவரிக்ஸ். அன்று அவருக்கு வயது 18. அந்த மேடை வரை அவர் வந்த வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விதி நிற்கிறது. அவை ஒவ்வொன்றையும் போட்டது யார், யாருக்காகப் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே போவோம்.

## ஸ்கூல் டீமில் நன்றாக ஆடினால் போதுமா?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அளவில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் பேர். இவர்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். கல்லூரியில் ஆடி முடிப்பவர்களில் என்பிஏவுக்குப் போகிறவர் நூற்றுக்கு ஒருவர். என்பிஏவில் மொத்தம் 30 அணிகள், ஒவ்வொன்றிலும் 15 நிரந்தர இடங்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து 450 இடங்கள்தான்.

இத்தனை கூட்டத்தில் ஒரு பையன் கண்ணில் படுவது எப்படி? பள்ளி ஆட்டங்கள் வழியாக என்றுதான் நாம் நினைப்போம். அது பாதி உண்மை. குளிர்காலத்தில் பள்ளி சீசன் நடக்கும்போது கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கும் அதுதான் சீசன், ஊர் ஊராகப் போய்ப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. அதனால் உண்மையான சந்தை கோடையில் கூடுகிறது. ஏஏயு ஆட்டங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பள்ளியோடு சம்பந்தமில்லாத கிளப் அணிகள், வார இறுதிகளில் ஒரே இடத்தில் ஒரே கூரையின் கீழ் மோதும். பெரிய தொடர்களை நடத்துவது ஷூ கம்பெனிகள்: நைக்கி ஒன்று, அடிடாஸ் ஒன்று, அண்டர் ஆர்மர் ஒன்று. நைக்கி தொடரின் உச்சம் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் ஜூலையில் நடக்கும் பீச் ஜாம். ஆட்டக்களத்தின் ஓரத்தில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் தங்கள் கல்லூரியின் பெயர் பொறித்த டீ-ஷர்ட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யார் வந்திருக்கிறார் என்று பையனுக்குத் தெரிய வேண்டும், அதுதான் நோக்கம்.

ஃபிளாக் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தின் நியூபோர்ட் என்ற ஊரில். மக்கள்தொகை மூவாயிரம் சொச்சம். அங்கே நொகோமிஸ் என்ற அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஆடி, இரட்டைச் சகோதரர் ஏஸும் கூட இருக்க, மாநிலக் கோப்பையை வென்றார். பிறகு நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஃபுளோரிடாவின் மான்ட்வெர்ட் அகாடமிக்குப் போனார். இது தனியார் உறைவிடப் பள்ளி, நாடெங்கும் இருந்து திறமையான பையன்கள் வந்து சேரும் இடம். 2023-24 சீசனில் அந்த அணி 33 ஆட்டம் ஆடி 33லும் வென்றது. எதிரணி மட்டுமல்ல, தினசரிப் பயிற்சியில் எதிரே நிற்பவனும் நாளைய என்பிஏ வீரனாக இருப்பான். சின்ன ஊர்ப் பள்ளியில் அந்த வாய்ப்பு கிடையாது.

இந்தக் கட்டம் வரை பையனும் குடும்பமும்தான் முடிவெடுக்கிறார்கள். எந்தப் பள்ளி, எந்தக் கிளப், எந்த ஊர் என்பதெல்லாம் அவர்கள் விருப்பம். இதற்கு அப்புறம்தான் கதை மாறுகிறது.

## 19 வயது விதி

பள்ளி முடித்ததும் ஃபிளாக் நேராக என்பிஏவுக்குப் போயிருக்கலாமே என்றால், போக முடியாது. தடுப்பது எது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

விதியில் இரண்டே நிபந்தனை. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் வீரருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க வீரராக இருந்தால், அவர் பள்ளி முடித்த பிறகு என்பிஏவின் ஒரு சீசனாவது கடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கல்லூரியில் சேர வேண்டும், பாஸ் செய்ய வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. அந்த ஒரு வருடம் அவர் வெளிநாட்டில் ஆடலாம், தனியாகப் பயிற்சி எடுக்கலாம், வீட்டில் சும்மாவும் உட்காரலாம். பெரும்பாலானவர்கள் கல்லூரிக்குப் போய், ஒரு சீசன் ஆடிவிட்டுக் கிளம்புவதால், "ஒரு வருடக் கல்லூரி விதி" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது.

ஃபிளாக் பிறந்தது 2006 டிசம்பர் 21. டிராஃப்ட் நடந்த 2025 ஜூனில் அவருக்கு 18தான். ஆனால் விதி கேட்பது அன்றைய வயதை அல்ல, அந்த ஆண்டு முடிவதற்குள் 19 ஆகிறதா என்பதை. டிசம்பர் 21க்கு ஆகிறது. இன்னும் பதினோரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் 2026 வரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது நிபந்தனைக்கும் அவர் ஒரு வேலை செய்தார். வழக்கமான வேகத்தில் படித்திருந்தால் 2025இல்தான் பள்ளி முடித்திருப்பார். பாடங்களை முன்கூட்டியே முடித்து, 2024 வகுப்போடு வெளியே வந்துவிட்டார். இந்த இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் டல்லாஸுக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார்.

சரி, இந்த விதியைப் போட்டது யார்? கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இது என்பிஏ அணி முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் உட்கார்ந்து பேசிப் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள ஒரு ஷரத்து. கூட்டு ஒப்பந்தம் என்றால் சம்பளம், வேலை நிபந்தனைகள் எல்லாவற்றையும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து எழுதிக்கொள்ளும் பத்திரம். என்பிஏ விவகாரம் எதைத் தோண்டினாலும் கடைசியில் இந்தப் பத்திரத்தில்தான் போய் நிற்கும்.

பழைய கதையைக் கொஞ்சம் பார்த்தால்தான் இதன் ருசி தெரியும். முதலில் விதி இதைவிடக் கடுமையாக இருந்தது: பள்ளி முடித்து நான்கு வருடம் ஆகாமல் என்பிஏ பக்கம் வரக்கூடாது. ஸ்பென்சர் ஹேவுட் என்ற வீரர் அதற்கு முன்பே சியாட்டில் அணியில் சேர, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. கதவு திறந்தும் கூட்டம் பாயவில்லை. 1974இல் மோசஸ் மலோன் பள்ளியிலிருந்து நேராக, என்பிஏவுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீகுக்குப் போனார். 1975இல் இருவர் பள்ளியிலிருந்து என்பிஏவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு இருபது வருடம் அந்த வழியில் யாரும் தேர்வாகவில்லை.

1995இல் சிகாகோவின் ஃபாரகட் அகாடமியிலிருந்து கெவின் கார்னெட் வந்தார், மினசோட்டா ஐந்தாவதாக எடுத்தது. அடுத்த வருடம் கோபி பிரையன்ட், 13ஆவது இடத்தில். 2001இல் குவாமே பிரவுன்: பள்ளியிலிருந்து வந்து முதல் இடத்திலேயே தேர்வான முதல் ஆள். அவரை எடுத்த வாஷிங்டன் அணியின் நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கியது சாட்சாத் மைக்கேல் ஜோர்டான். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ். 2004 டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் எட்டுப் பள்ளிப் பையன்கள். 2005 வரை ஏறத்தாழ 40 பேர் இந்த வழியில் வந்தார்கள்.

கார்னெட், கோபி, லெப்ரான் என்று பின்னால் பெரிய நட்சத்திரங்கள் ஆனவர்களை மட்டும் வரிசையாகச் சொன்னால் இது பிரமாதமான வழியாகத் தெரியும். குவாமே பிரவுன் பன்னிரண்டு சீசன் ஆடியும் முதல் இடத்துக்கு ஏற்ற வீரராக ஆகவில்லை. 1998இல் டெட்ராய்ட் எடுத்த கோர்லியோன் யங் என்பிஏவில் மொத்தம் மூன்றே ஆட்டம் ஆடினார். 17 வயதுப் பையனைப் பள்ளி ஜிம்மில் பார்த்து, இவன் 25 வயதில் எப்படி ஆடுவான் என்று கணிப்பது ஜோசியம்தான். எதிரே நிற்பவர்களும் அதே வயதுப் பையன்கள், பாதிப் பேர் அவன் தோளுக்குக்கூட வரமாட்டார்கள். அவனை எதை வைத்து அளப்பது?

முதலாளிகளுக்குத் தலைவலி இதுதான். தனியாக ஒரு அணி "நாங்கள் பள்ளிப் பையன்களை எடுக்க மாட்டோம்" என்று ஒதுங்க முடியாது. அடுத்த லெப்ரானை எதிரி அணி தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே எல்லோர் கையையும் சேர்த்துக் கட்ட ஒரு விதி வேண்டும். என்பிஏவை நடத்தும் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்த கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் 20 வயது கேட்டார், பேரத்தில் 19 என்று முடிந்தது. 2005 ஒப்பந்தத்தில் ஏறி, 2006 டிராஃப்டிலிருந்து அமலுக்கு வந்தது.

சங்கம் ஏன் ஒப்புக்கொண்டது? என் பார்வையில் காரணம் சாதாரணமானது. சங்கத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் வீரர்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் உள்ளே வந்தால் முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் வெளியே போக வேண்டும். பையன் இன்னும் சங்க உறுப்பினர் கிடையாது, பேச்சுவார்த்தை மேசையில் அவனுக்கு நாற்காலி இல்லை. இல்லாதவனின் ஒரு வருடத்தை விட்டுக்கொடுப்பது இரு தரப்புக்கும் சுலபம். இடையில் விதியை எடுத்துவிடுவதாகப் பலமுறை பேச்சு அடிபட்டது. ஆனால் 2023 ஒப்பந்தத்திலும் அப்படியே இருக்கிறது.

உடல் முதிர்ச்சிக்காகத்தான் இந்த வயது வரம்பு என்று சிலர் சொல்வார்கள். அப்படியென்றால் ஸ்லோவேனியாவின் லூகா டான்சிச் 16 வயதிலேயே ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணிக்காகத் தொழில்முறையில் ஆடத் தொடங்கியதை என்ன சொல்வது? பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவில் அமெரிக்க வீராங்கனைகளுக்கு அளவு 22 வயது, அல்லது நான்கு வருடக் கல்லூரி. அதனால்தான் அயோவா பல்கலைக்கழகத்தில் சாதனைகளைக் குவித்துக்கொண்டிருந்த கெய்ட்லின் கிளார்க் 2024 வரை காத்திருந்தார். ஒரே விளையாட்டில் ஆணுக்கு 19, பெண்ணுக்கு 22. உடலைப் பார்த்து வைத்த எண்கள் இல்லை இவை, பேரத்தில் வந்து நின்ற எண்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கல்லூரிக்குப் போ என்று என்பிஏ சொல்வதில்லை, ஒரு வருடம் பொறு என்று மட்டும் சொல்கிறது. அதைச் சொல்வது முதலாளிகளும் வீரர்கள் சங்கமும், என்சிஏஏ அல்ல.

## அந்த ஒரு வருடத்தை எங்கே கழிப்பது?

ரொம்ப நாளாக விடை ஒன்றுதான்: கல்லூரி. டியூக், கென்டக்கி போன்ற இடங்களில் ஆடினால் தேசிய தொலைக்காட்சியில் முகம் தெரியும், நல்ல பயிற்சியாளர் கிடைப்பார். சம்பளம் மட்டும் கிடையாது. ஸ்காலர்ஷிப் உண்டு, அதாவது கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் ஆடும் தகுதி போய்விடும். அரங்கம் நிரம்பி வழியும், பயிற்சியாளர் கோடிகளில் சம்பளம் வாங்குவார், ஆடுகிற பையன் கையில் காசு இருக்காது.

இதில் கடுப்பாகிச் சிலர் வேறு வழி பார்த்தார்கள். பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008இல் இத்தாலிக்குப் போய் ரோம் அணியில் ஆடிவிட்டு, 2009 டிராஃப்டில் பத்தாவதாகத் தேர்வானார். லமெலோ பால் ஆஸ்திரேலியாவின் இல்லவாரா ஹாக்ஸ் அணியில் ஆடி, 2020இல் மூன்றாவதாக வந்தார். என்பிஏவே தன் துணை லீகான ஜி லீகில், பள்ளி முடித்த பையன்களுக்குச் சம்பளம் கொடுத்து வளர்க்க இக்னைட் என்று ஒரு அணியை 2020இல் தொடங்கியது. ஜேலன் கிரீன், ஸ்கூட் ஹெண்டர்சன் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். 2024இல் அந்த அணியை மூடிவிட்டார்கள்.

மூடியதற்குக் காரணம் கல்லூரியில் பணம் வந்துவிட்டது. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. என்ஐஎல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஃபிளாக் டியூக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, 2024 ஆகஸ்டில், நியூ பேலன்ஸ் ஷூ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். நான்கு வருடம் முன்பு இதைச் செய்திருந்தால் அவர் கல்லூரி அணியில் கால் வைத்திருக்கவே முடியாது. 2025இல் இன்னொரு படி: நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை தர முடியும்.

இதன் விளைவை அதிகம் பேர் கவனிக்கவில்லை. முன்பு பணத்துக்காகக் கல்லூரியை விட்டு ஓடியவர்கள், இப்போது பணத்துக்காகவே அங்கே தங்குகிறார்கள். நான்கு வருடக் கல்லூரியை முடிக்காமல் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 2021இல் 350 பேரைத் தாண்டினார்கள். 2025இல் அது நூறு சொச்சமாகக் குறைந்துவிட்டது. டிராஃப்டின் வால்பகுதியில் எடுக்கப்படக்கூடிய ஒரு பையனுக்கு, என்பிஏ தரும் நிச்சயமில்லாத சம்பளத்தைவிடக் கல்லூரி தரும் நிச்சயமான தொகை பெரிதாக இருக்கலாம்.

ஃபிளாக் அந்த ரகம் இல்லை. டியூக்கில் ஒரே சீசன். 2025 ஜனவரியில் நோட்டர் டேம் அணிக்கு எதிராக 42 புள்ளி எடுத்தார். அணி தேசியப் போட்டியின் கடைசி நான்குக்கு வந்து, ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றது. நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதுகளையும் வாங்கிவிட்டு டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்.

## டிராஃப்ட்: தலைகீழ்க் கலந்தாய்வு

நமக்குத் தெரிந்த பொறியியல் கலந்தாய்வை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல மார்க் எடுத்த மாணவர் முதலில் உள்ளே போவார், பிடித்த கல்லூரியை எடுப்பார். ரேங்க் குறையக் குறைய மிச்சமிருப்பதில் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது இதை அப்படியே தலைகீழாக்குங்கள். உள்ளே போய்த் தேர்ந்தெடுப்பது கல்லூரிகள், வரிசையில் நிற்பது மாணவர்கள். அதிலும் ரிசல்ட் மோசமான கல்லூரிகளுக்கு முதல் வாய்ப்பு. நாட்டின் முதல் மார்க் மாணவர் கடைசித் தரக் கல்லூரிக்குப் போய்ச் சேருவார், "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு இடமில்லை. இதுதான் டிராஃப்ட்.

இரண்டு சுற்று, அணிக்கு ஒரு சுற்றில் ஒரு வாய்ப்பு, மொத்தம் 60 இடம். அணிகள் தங்கள் வாய்ப்பை முன்கூட்டியே மற்ற அணிகளுக்கு விற்கலாம், மாற்றலாம் என்பதால் உண்மையில் ஒரே அணி மூன்று பேரை எடுப்பதும் உண்டு, ஒருவரையும் எடுக்காமல் போவதும் உண்டு. விதிமீறலுக்குத் தண்டனையாகச் சில வருடம் ஒன்றிரண்டு இடம் பறிபோகும்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இங்கேதான் குழப்பம். டிராஃப்டில் யாரும் விலை கேட்பதில்லை. அணி பெயரைச் சொன்னால் அந்த வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த ஒரு அணிக்கு மட்டும் வந்துவிடும், மற்ற 29 அணிகளும் விலகிக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் வீரர் என்ன செய்யலாம்? கையெழுத்துப் போடாமல் ஒரு வருடம் வெளியே இருந்துவிட்டு அடுத்த டிராஃப்டுக்கு மறுபடி வரலாம். யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை. 1999இல் இரண்டாவதாகத் தேர்வான ஸ்டீவ் ஃபிரான்சிஸ், வான்கூவருக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்து, ஹூஸ்டனுக்கு மாற்றல் வாங்கினார். அது விதிவிலக்கு.

மோசமான அணிக்கு முதல் வாய்ப்பு என்றால், வேண்டுமென்றே தோற்பார்களே? தோற்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் லாட்டரி. இறுதிச் சுற்றுகளுக்குப் போகாத 14 அணிகளுக்கு இடையே முதல் நான்கு இடங்களைக் குலுக்கிப் போடுவார்கள். கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு ஒரே அளவுதான், நூற்றுக்கு 14. கடைசிக்கும் கடைசியாக வருவதில் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

குலுக்கல் நடக்கும் விதம் பார்க்கச் சுவையானது. தொலைக்காட்சியில் உறைகளைப் பிரித்துக் காட்டுவது வெறும் காட்சிதான். அதற்கு முன்பே, தனி அறையில், செல்போன்களை வாங்கி வைத்துவிட்டு உண்மையான குலுக்கல் முடிந்திருக்கும். 1 முதல் 14 வரை எண் போட்ட பிங்பாங் பந்துகளை ஒரு இயந்திரத்தில் போடுவார்கள். காற்று சுழற்றியடிக்கும். ஒருவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று நேரம் பார்ப்பார், கையை உயர்த்தியதும் ஒரு பந்து மேலே உறிஞ்சப்படும். இப்படி நான்கு பந்து. பதினான்கில் நான்கு எண் சேர்வதற்கு 1001 வழி உண்டு. ஒன்றைத் தள்ளிவிட்டு, மிச்சம் ஆயிரத்தையும் அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கடைசி மூன்று அணிகளுக்குத் தலா 140. வந்த நான்கு எண் யார் பட்டியலில் இருக்கிறதோ அவர்களுக்கு முதல் இடம்.

2025இல் டல்லாஸ் கையில் இருந்தது ஆயிரத்தில் 18. அதாவது நூற்றுக்கு 1.8. அந்தச் சீசனில் மிக மோசமாக ஆடிய யூட்டா ஐந்தாவது இடத்துக்கு இறங்கியது. டல்லாஸோ மூன்று மாதம் முன்பு தன் நட்சத்திர வீரரான டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டுச் சொந்த ரசிகர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த அணி. அப்போது சதிக்கதைகள் பறந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. அந்த அறையில் பல அணிகளின் ஆட்களும் சாட்சிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆக, ஃபிளாக் டல்லாஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. பார்க்கப்போனால் டல்லாஸும் திட்டம் போட்டு அவரை அடையவில்லை. நான்கு பிங்பாங் பந்துகள் முடிவு செய்தன.

## பெயர் வாசித்தாயிற்று, வேலை கிடைத்ததா?

முதல் சுற்றில் வந்தவருக்குக் கிடைத்தது. சம்பளமும் ஏறக்குறைய முன்கூட்டியே எழுதப்பட்டதுதான்: எந்த இடத்தில் தேர்வானால் எவ்வளவு என்று கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. அதிலிருந்து நூற்றுக்கு 20 கூட்டலாம் அல்லது குறைக்கலாம், நடைமுறையில் பெரும்பாலும் உச்சத்தையே தருவார்கள். ஃபிளாக்குக்கு முதல் வருடம் சுமார் 1 கோடியே 38 லட்சம் டாலர். அவர் எவ்வளவு பெரிய திறமைசாலி என்பதற்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமில்லை. அந்த வருடம் முதல் இடத்தில் யார் வந்திருந்தாலும் இதுதான். ஒப்பந்தத்தில் முதல் இரண்டு வருடம் உறுதி. மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம்.

இரண்டாம் சுற்றில் அட்டவணையும் இல்லை, உறுதியும் இல்லை. சிலருக்கு நல்ல ஒப்பந்தம் கிடைக்கும். பலருக்கு டூ-வே ஒப்பந்தம்தான். அதாவது ஒரே வீரர் என்பிஏ அணிக்கும் அதன் ஜி லீக் அணிக்கும் இடையே போய் வருவார். 15 பேர் பட்டியலுக்கு வெளியே அணிக்கு மூன்று பேரை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு சீசனில் அதிகபட்சம் 50 என்பிஏ ஆட்டங்களுக்குத்தான் அவர்களைச் சேர்க்க முடியும், சம்பளம் புதுமுக வீரரின் குறைந்தபட்சத்தில் பாதி. சிலருக்கு இதுவும் கிடைக்காது. அணி உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "போய் ஐரோப்பாவில் ஆடு" என்று அனுப்பிவிடும்.

இந்தியாவுக்கு நெருக்கமான உதாரணம் சத்னம் சிங். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துக்காரர், ஏழடி இரண்டு அங்குல உயரம். பதினான்கு வயதில் ஸ்காலர்ஷிப்பில் ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். 2015 டிராஃப்டில் 52ஆவது இடத்தில் தேர்வானார். எடுத்தது இதே டல்லாஸ் மேவரிக்ஸ். இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள் என்று இங்கே பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் நிறையப் பேர் "என்பிஏவில் ஆடிய முதல் இந்தியர்" என்றே எழுதிவிட்டார்கள். அவர் ஒரு என்பிஏ ஆட்டத்திலும் ஆடவில்லை. டல்லாஸின் துணை லீக் அணியான டெக்சஸ் லெஜெண்ட்ஸில் இரண்டு சீசன் ஆடிவிட்டுத் திரும்பினார். தேர்வாவதற்கும் ஆடுவதற்கும் நடுவே உள்ள தூரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதை வேறு இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2014இல் 41ஆவதாகத் தேர்வான செர்பியாவின் நிகோலா யோகிச் மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கிவிட்டார். ஃபிரெட் வான்வ்லீட் விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் முழுதாக ஆடினார், 2016 டிராஃப்டில் அறுபது பெயரில் அவர் பெயர் இல்லை. டொராண்டோ அணியின் கோடைக்கால ஆட்டங்களில் இடம் பிடித்து, 2019இல் அந்த அணியோடு சாம்பியன் ஆனார். டிராஃப்டில் எடுக்கப்படாதவருக்கு ஒரு வினோதமான சலுகை இருக்கிறது: 30 அணிகளில் எங்கே தனக்கு ஆட வாய்ப்பு அதிகம் என்று பார்த்து அவரே போகலாம். 45ஆவது, 50ஆவது இடத்தில் தேர்வாவதற்குப் பதில், "எங்கள் பையனை எடுக்காதீர்கள்" என்று ஏஜென்டுகளே அணிகளிடம் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

முதல் இடத்தில் வந்தவருக்கு அந்தச் சலுகை எப்போது கிடைக்கும்? ஃபிளாக்கின் நான்கு வருட ஒப்பந்தம் 2029 கோடையில் முடியும். அப்போதும் வேறு அணி தரும் தொகையை டல்லாஸும் தருவதாகச் சொன்னால் அவர் அங்கேயே இருக்க வேண்டும். அதையும் மறுத்து, ஐந்தாவது வருடத்தைக் குறைந்த சம்பளத்துக்கு ஆடி முடித்தால் 2030 கோடையில், 23 வயதில், எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். கிட்டத்தட்ட எந்த நட்சத்திரமும் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. மூன்றாவது வருடம் முடிந்ததுமே அணி பெரிய தொகையோடு புது ஒப்பந்தத்தை நீட்டும், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.